சாமைக்கு வந்த டாலர்!

கொல்லிமலைச் சிறுதானியத்துக்காக ரோமிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆராய்ச்சி நிதி வந்தது. மலையில் மில் ஓட்டும் பெண்கள் குழுவுக்கும், கீழே மிஷின் செய்யும் பட்டறைக்கும் அதில் என்ன பங்கு?

உரலில் இரண்டு படி சாமை. எதிரெதிரே இரண்டு பெண்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது இன்னொருவர் உலக்கை கீழே இறங்குகிறது. கொஞ்ச நேரம் குத்தியதும் அள்ளி முறத்தில் போட்டுப் புடைக்கிறார்கள். உமி பறக்கிறது, ஆனால் பாதிதான். மீதி தோலோடு முறத்திலேயே தங்கிவிடுகிறது. அதை மறுபடி உரலில் கொட்டி, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் அரிசி வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அதற்குள் ஒரு பங்கு நொய்யாகிவிடும். இவ்வளவும் காட்டு வேலை, விறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடிந்தபிறகு தொடங்கும் வேலை.

கொல்லிமலையில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வீட்டுக்கு வீடு இதுதான் நடந்தது. பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. பிடுங்கி லாரியில் ஏற்றினால் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் காசு கொடுத்துவிடுவார்கள். ரேஷனில் அரிசியும் கிடைத்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையை விட்டு விலகியதற்கு விலை ஒரு காரணம் என்றால், உலக்கை இன்னொரு காரணம். விதைப்பது ஆணும் பெண்ணுமாகச் செய்யும் வேலை. குத்துவது பெண்கள் மட்டும் செய்யும் வேலை. விவசாயப் புள்ளிவிவரங்களில் இந்த இரண்டாவது வேலைக்குக் கட்டமே கிடையாது.

ஆகவே சாமையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் ஒரு மிஷின் வேண்டும். அந்த மிஷினுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். பணம் வந்தது, அதுவும் கடல் தாண்டி. யார் யார் கைக்குப் போனது, யாரிடம் போகாமல் நின்றது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. எல்லை தாண்டிய ஆராய்ச்சிக் கூட்டு, சிறுதொழில்களுக்கு இடையே கூட்டு, அரசு நிதி என்றெல்லாம் கருத்தரங்குகளில் இப்போது பேசுகிறார்கள். இந்த மூன்றும் ஒரே மலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் கொல்லிமலையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

மலை ஏறிய நிதி

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்த கொல்லிமலை ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி விழா. ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த கொல்லிமலை வேறு. சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு என்று ஒரே மலையில் இத்தனை தானியம். அதற்குள்ளும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, சுண்டாங்கிக் கேழ்வரகு என்று ரகத்துக்கு ரகம் தனிப்பெயர்.

1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலையைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமை நிதி கொடுத்தது. 2001-ல் ரோமில் இருக்கும் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியமான ஐஃபாட், கவனிக்கப்படாத பயிர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியபோது அதிலும் கொல்லிமலை இடம்பெற்றது. 2009-ல் மலையின் விவசாயிகளும் குழுக்களும் சேர்ந்து வேளாண் பல்லுயிர்ப் பாதுகாவலர் கூட்டமைப்பு ஒன்றைப் பதிவு செய்தார்கள். 2011-ல் கனடா வந்தது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் சுவாமிநாதன் நிறுவனமும் கூட்டாகக் கொல்லிமலை, கேரளத்தின் வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஆகிய மூன்று இடங்களில் வறுமையையும் ஊட்டச்சத்துக் குறைவையும் சேர்த்துக் குறைக்கும் திட்டம் ஒன்றை நடத்தின.

அதே கனடா நிதியில், அதே சமயத்தில், மதுரையின் தானம் அறக்கட்டளையும் கனடியன் மெனோனைட் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்தன. அஞ்செட்டி, ஜவ்வாது மலை என்று தொடங்கி நேபாளம், இலங்கை வரை போன திட்டம் அது. அடுத்த கட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகமும் கூட்டாளிகளாக இருக்க, கவனம் தோல் நீக்கும் மிஷின் பக்கம் அதிகம் திரும்பியது. சிறு எந்திரத் தயாரிப்பாளர்களும் இந்தக் கட்டத்தில் இருந்தார்கள்.

▣ பெட்டி: கனடா நிதி, சில தகவல்கள்
• கனடா நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1970-ல் உருவானது சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம். வளரும் நாடுகளின் ஆராய்ச்சிக்குக் கனடா மக்களின் வரிப்பணத்தைக் கொண்டுசேர்ப்பது இதன் வேலை.
• உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென 2009-ல் இந்த மையமும் கனடா அரசும் ஒரு தனி நிதியம் தொடங்கின. 2018 வரை இரண்டு கட்டங்கள். மொத்தம் 12 கோடி கனடா டாலருக்கும் மேல்.
• நிபந்தனை: கனடாவில் ஓர் அமைப்பு, வளரும் நாட்டில் ஓர் அமைப்பு, இரண்டும் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும்தான்.

நெல் மிஷினில் ஏன் ஓடாது?

நெல் மில்லில் கொடுத்தால் போதாதா என்று கேட்காதவர்கள் குறைவு. போதாது. சாமை மணி ஏறக்குறைய கடுகளவுதான். நெல்லுக்கு அமைத்த ரப்பர் உருளைகளுக்கு நடுவே போட்டால் பாதி அப்படியே நழுவி வெளியே வரும். இடைவெளியைக் குறைத்தால் நொறுங்கும். கல் மிஷினில் தீட்டினால் தோலோடு தவிடும் போய்விடும். சத்து வேண்டும் என்று சாமை வாங்குகிறவருக்கு வெள்ளை அரிசியைப் போலவே ஒரு பொருள்தான் மிஞ்சும்.

வேலைக்கு ஆகும் வழி வேறு. மேலே தொட்டியில் கொட்டிய தானியத்தை வேகமாகச் சுழலும் ஒரு தட்டு வீசி எறிகிறது. மணி சுவரில் போய் மோதுகிறது. மோதிய வேகத்தில் தோல் வெடித்துப் பிரிகிறது. காற்றாடி உமியை வெளியே தள்ள, அரிசியும் உரியாத மணியும் கீழே இறங்குகின்றன. உரியாததை மறுசுற்று விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுழலும் வேகம் சாமைக்கு ஒன்று, தினைக்கு ஒன்று, வரகுக்கு வேறொன்று. தானியத்தில் ஈரம் கொஞ்சம் கூடினால் தோல் வெடிக்காமல் நசுங்கும். அதிகம் காய்ந்திருந்தால் நொய் கூடும். கொல்லிமலையில் மழையும் பனியும் மாறி மாறி வரும்போது, நேற்று வைத்த வேகம் இன்றைக்குச் சரிப்படாது.

இது ஆய்வகத்தில் ஒரு முறை தீர்த்து வைக்கிற பிரச்னை இல்லை. மிஷினை மலைக்கு ஏற்றி, ஒரு பருவம் முழுக்க ஓட்டி, எது தேய்கிறது, எங்கே அடைக்கிறது, வோல்டேஜ் இறங்கினால் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, தட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து லேத்தில் ஏற்றி, மறுபடி மேலே கொண்டுபோக வேண்டும். இதைச் செய்கிறவர் பட்டறைக்காரர். அவர் கையில் கரி படிந்த ஒரு நோட்டு இருக்கும். எந்த ஊர் மிஷினுக்கு எந்தச் சல்லடை, எத்தனை அங்குல புல்லி, எந்த நம்பர் பேரிங் என்று அதில் எழுதி வைத்திருப்பார். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் திட்டக் காகிதங்களில் அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பெயர் ‘சப்ளையர்’.

சப்ளையரா, கூட்டாளியா?

இந்த ஒரு சொல்லில்தான் காசு பிரிகிறது. கூட்டாளி என்றால் சம்பளத்துக்கு, சோதனைக்கு, தோற்றுப்போன முதல் மூன்று மாடல்களுக்கு எல்லாம் பட்ஜெட்டில் வரி இருக்கும். சப்ளையர் என்றால் கொட்டேஷன் கேட்பார்கள். மூன்று கொட்டேஷனில் குறைந்த விலை போட்டவருக்கு ஆர்டர். தோற்றுப்போன மாடல்களின் செலவு பட்டறைக்காரருடையது. வாரண்டி முடிந்தால் தொடர்பும் முடிந்தது.

மில் ஓட்டும் பெண்கள் குழுவின் நிலை இன்னொரு படி கீழே. அவர்கள் பெயர் ‘பயனாளி’. மிஷின் இலவசமாக வரும், பயிற்சி கொடுப்பார்கள், திறப்பு விழாவில் ரிப்பனும் வெட்டுவார்கள். பிறகு கரண்ட் பில் வரும். சிங்கிள் பேஸில் திணறும் மோட்டாரின் காயில் ஒரு நாள் போகும். அதைக் கட்டிக்கொடுக்கிற கடைக்கு மோட்டாரைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும். அரைத்துக் கொடுக்கும் கூலியில் இதெல்லாம் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஆண்டு முழுக்கத் தானியம் வந்துகொண்டே இருக்க வேண்டும். குச்சிக்கிழங்குக்கு மாறிய காட்டிலிருந்து சாமை எங்கிருந்து வரும்? மிஷின் இல்லாததால் பயிர் குறைந்தது, பயிர் குறைந்ததால் மிஷின் ஓடவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்தத் திட்டங்கள் வீண் போகவில்லை. உள்ளூர் ரகங்களின் விதை மறுபடி கைமாறத் தொடங்கியது. சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பாக்கெட் போட்டு மலைக்கு வெளியே விற்பனைக்குப் போயின. பல கிராமங்களில் உலக்கைக்கு ஓய்வு கிடைத்தது. ஐ.நா. 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்க இந்தியா முன்மொழிந்தபோது, காட்டுவதற்குக் கொல்லிமலை போன்ற சில இடங்கள் இருந்தன என்றால், அதற்கு இந்தப் பல ஆண்டு வேலைதான் காரணம். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. திட்டம் முடிந்தபிறகும் மலையில் தொடரப் போகிறவர்கள் பட்டறைக்காரரும் மில் குழுவும்தான். பணம் வடிவமைக்கப்பட்ட விதத்தில் கூட்டாளியாக இல்லாமல் போனதும் அவர்கள்தான்.

இரண்டு சின்ன கம்பெனி, இரண்டு அரசாங்கம்

கம்பெனிகளையே கூட்டாளியாக்கும் நிதிகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. முன்னோடி என்று சொல்லத்தக்கது அமெரிக்காவும் இஸ்ரேலும் 1977-ல் தொடங்கிய பேர்ட் அறக்கட்டளை. அங்கே ஒரு கம்பெனி, இங்கே ஒரு கம்பெனி, சேர்ந்து ஒரு பொருளை உருவாக்க வேண்டும். செலவில் பாதிவரை அறக்கட்டளை கொடுக்கும். பொருள் விற்றால் விற்பனையிலிருந்து ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்கவில்லை என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. தோல்வியில் அரசும் பங்கெடுக்கிறது என்பதே இதன் சூட்சுமம்.

ஐரோப்பா 2008-ல் யூரோஸ்டார்ஸ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. இதில் கூட்டணிக்குத் தலைமை தாங்க வேண்டியதே ஒரு சிறு அல்லது நடுத்தர நிறுவனம்தான். பல்கலைக்கழகம் துணைக்கு வரலாம், தலைமை தாங்க முடியாது. ஒவ்வொரு நாடும் தன் நாட்டு நிறுவனத்துக்குத் தானே பணம் கொடுக்கும். ஆய்வுக்கு மூன்று ஆண்டு, அது முடிந்து இரண்டு ஆண்டுக்குள் பொருள் சந்தைக்கு வர வேண்டும்.

நம் நாட்டிலும் கதவுகள் இருக்கின்றன. மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்தும் ‘கீட்டா’ என்ற நிறுவனம் வழியாகப் பல நாடுகளுடன் கூட்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. இந்திய நிறுவனத்தின் செலவில் பாதி, அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் என்பது அவற்றில் பலவற்றில் இருந்த விதி. ஜெர்மனியுடன் 2010-ல் தொடங்கிய அறிவியல் தொழில்நுட்ப மையம் ‘2+2’ என்று ஒரு முறை வைத்திருக்கிறது. இரு நாட்டிலிருந்தும் ஓர் ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம். இஸ்ரேலுடன் 2017-ல் ஆளுக்கு 2 கோடி டாலர் போட்டு 4 கோடி டாலரில் ஒரு நிதி.

தண்ணீர், மருத்துவக் கருவி, மின்வாகனம், விவசாயம் என்று இந்த அழைப்புகளில் தலைப்புகள் வரும். சாமை மிஷின் ‘வேளாண் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் தாராளமாக அடங்கும். அடங்காதது பட்டறையின் கணக்குப் புத்தகம்.

▣ பெட்டி: ‘சிறு’ என்றால் எவ்வளவு சிறு?
2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள வரையறை:
• குறு நிறுவனம்: முதலீடு 2.5 கோடி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை.
• சிறு நிறுவனம்: முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை.
• நடுத்தர நிறுவனம்: முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி வரை.
நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையும் 400 கோடிக்கு வியாபாரம் செய்யும் தொழிற்சாலையும் ‘எம்.எஸ்.எம்.இ.’ என்ற ஒரே பெயருக்குள் நின்று ஒரே நிதிக்குப் போட்டி போடுகின்றன.

பாதிப் பணம் எங்கே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். பட்டறை ஒன்று வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் தோல் நீக்கும் மிஷின் உருவாக்க நினைக்கிறது. அந்த நிறுவனத்திடம் தானியத்தின் ஈரத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் எந்த ஈரத்தில் எந்த வேகம் என்ற அனுபவம் இருக்கிறது. நல்ல பொருத்தம்.

இந்தியப் பக்கச் செலவு இரண்டு ஆண்டுக்கு 60 லட்சம். அரசு தருவது 30 லட்சம். மீதி 30 லட்சம் பட்டறையின் கைப்பணம். ஆண்டுக்கு 80 லட்சத்துக்கு வியாபாரம், அதில் சம்பளமும் இரும்பும் வாடகையும் போக ஏழெட்டு லட்சம் மிஞ்சும் பட்டறை என்றால் நான்கு ஆண்டு மிச்சத்தை இதில் கொட்ட வேண்டும். சரி, கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசு தரும் 30 லட்சமும் ஒரேயடியாக வராது. முதல் தவணை வரும். அதைச் செலவழித்து, ஆடிட்டர் கையெழுத்தோடு செலவுச் சான்று அனுப்பி, நிபுணர் குழு பார்த்து ஒப்புக்கொண்டால் அடுத்த தவணை. நடுவில் மாதங்கள் ஓடும். சனிக்கிழமை கூலிக்கு அந்த மாதங்கள் புரியாது.

இதோடு முந்தைய மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, கூட்டாளியோடு அறிவுசார் சொத்து ஒப்பந்தம், ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பக்க விண்ணப்பம். இதை எழுதிக் கொடுக்கவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஃபீஸ் இருக்கிறது. கடைசியில் விண்ணப்பிப்பது யார்? ஏற்கெனவே ஏற்றுமதி செய்கிற, ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்த ஆள் வைத்திருக்கிற, ஓரளவு வளர்ந்த நிறுவனம். அது தவறில்லை. ஆனால் கொல்லிமலை மில்லுக்குப் பெல்ட் மாற்றிக் கொடுப்பது அந்த நிறுவனம் இல்லை.

வாசலில் நிற்கும் இரண்டு சட்டங்கள்

தொண்டு நிறுவனம் வழியாகவே பணம் வந்து, அது பட்டறைக்கும் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன? முன்பு முடிந்தது. 2020 செப்டம்பரில் அந்நிய நிதி ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அதை வேறு எவருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. வாங்குகிறவரிடமும் அனுமதி இருந்தால்கூட முடியாது. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பெரிய அமைப்புக்குப் பணம் வந்தால், மலையில் பதிவான கூட்டமைப்புக்கு அதிலிருந்து ஒரு பங்கை மானியமாகக் கொடுப்பது சட்டப்படி அடைபட்டுவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க அரசுக்குக் காரணங்கள் இருக்கலாம். இந்த வெட்டில் முதலில் விழுந்தது சின்ன அமைப்புகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி போன்றவற்றின் பணத்துக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. இன்னொரு இடுக்கும் இருக்கிறது. வழக்கமான வியாபாரத்தில் பொருளுக்கோ சேவைக்கோ கிடைக்கும் கூலி நன்கொடைக் கணக்கில் வராது. அதனால் பட்டறைக்குப் பணம் கொடுக்க மிச்சமிருக்கும் நேர்வழி, மிஷினை விலைக்கு வாங்குவது. ‘சப்ளையர்’ என்ற பெயர் பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை, இப்போது அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது.

இரண்டாவது, 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். மிஷினை இது தொடாது. ஆனால் கட்டவெட்டிச் சாமையின் விதையையோ மாதிரியையோ ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டுக் கூட்டாளி பெற வேண்டுமானால், சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆராய்ச்சி முடிவை வெளிநாட்டவருக்குக் கைமாற்றவும் அனுமதி வேண்டும். மத்திய அரசு ஒப்புக்கொண்ட, நிறுவனங்களுக்கு இடையிலான கூட்டு ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழி பழக்கமானது. ஒரு சத்துமாவுக் கம்பெனிக்கும் டொரண்டோவில் இருக்கும் ஒரு சின்ன உணவு நிறுவனத்துக்கும் அப்படியில்லை.

இந்தச் சட்டத்தைத் தொல்லை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், எத்தியோப்பியா.

டெஃப் கதை

எத்தியோப்பியர்களின் அன்றாட உணவு இஞ்செரா, புளிக்கவைத்த மாவில் சுடும் அகலமான அப்பம். அதற்கான தானியம் டெஃப், சாமையைவிடப் பொடி. க்ளூட்டன் இல்லாத தானியம் என்பதால் ஐரோப்பியச் சந்தை அதன்மீது கண் வைத்தது. நெதர்லாந்தின் சிறு நிறுவனம் ஒன்று எத்தியோப்பிய அரசு அமைப்புகளோடு 2005-ல் ஒப்பந்தம் போட்டது. ஆராய்ச்சி நடக்கும், வரும் லாபத்தில் எத்தியோப்பியாவுக்குப் பங்கு, விவசாயிகளுக்கென்று ஒரு நிதி. பலன் பகிர்வுக்கு முன்மாதிரி ஒப்பந்தம் என்று அப்போது மெச்சினார்கள்.

டெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமையும் அந்தப் பக்கம் போனது. 2009-ல் நிறுவனம் திவாலானது. ஒப்பந்தம் திவாலான நிறுவனத்தோடு செத்தது. காப்புரிமையோ சாகாமல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. எத்தியோப்பியாவுக்குக் கிடைத்தது சுமார் 4,000 யூரோ. அந்தக் காப்புரிமை நெதர்லாந்தில் செல்லாது என்று ஹேக் நகர நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூட்டாளி பல்கலைக்கழகமாக இருந்தால் ஆய்வுக் கட்டுரை வெளியாகும், பெயரும் போடுவார்கள், அதோடு முடியும். கூட்டாளி கம்பெனியாக இருந்தால் பொருள் சந்தைக்கு வர வாய்ப்பு அதிகம், கூடவே காப்புரிமையும் திவாலும் வரும். சிறு நிறுவனங்களை எல்லை தாண்டிக் கூட்டுச் சேர்க்கச் சொல்கிற எவரும் இந்த இரண்டாவது பக்கத்தையும் படித்தாக வேண்டும். கூட்டாளி திவாலானால் உரிமை யாருக்குத் திரும்பும் என்ற ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், எத்தியோப்பியா பத்து ஆண்டு அலைந்திருக்க வேண்டியதில்லை.

தலைநகரத்துக் கோபம்

எல்லை தாண்டிய பணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கொடுப்பவரின் வீட்டில் சண்டை வந்தால் அது நின்றுவிடும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே உறவு கசந்தபோது, கனடா நாட்டவருக்கு விசா தருவதையே இந்தியா சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. விசா இல்லாமல் ஆராய்ச்சியாளர் எப்படி வயலுக்கு வருவார்? 2025-ல் அமெரிக்கா தன் யு.எஸ்.எய்டு அமைப்பையே கலைத்தபோது, அதன் நிதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நாடுகளோடு சேர்ந்து நடத்திய விவசாய ஆராய்ச்சித் திட்டங்கள் பாதியில் நின்றன. சோதனை வயலில் நின்ற பயிருக்கு வாஷிங்டனில் யார் ஜெயித்தார்கள் என்பது தெரியாது.

யூரோஸ்டார்ஸ் மாதிரி அமைப்பின் பலம் இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு அரசும் தன் நாட்டு நிறுவனத்துக்குத் தானே கொடுப்பதால், அந்தப் பக்கம் கை விரித்தாலும் இந்தப் பக்கத்து மிஷின் பாதியில் நிற்க வேண்டியதில்லை. பணம் எல்லை தாண்டாது. அறிவு மட்டும் தாண்டும். அந்நிய நிதிச் சட்டத்தின் சிக்கலும் அதோடு போய்விடும்.

▣ பெட்டி: இதற்கிடையே சந்தையில்...
• 2018: தேசியச் சிறுதானிய ஆண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் சிறுதானியங்களை ‘சத்துத் தானியங்கள்’ என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்தது.
• 2023 அக்டோபர் 7: குறைந்தது 70 சதவீதம் சிறுதானியம் உள்ள மாவுக் கலவைக்கு வரியைக் குறைக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. சில்லறையாக விற்றால் வரி இல்லை. பாக்கெட்டில் லேபிள் ஒட்டி விற்றால் 18-க்குப் பதில் 5 சதவீதம்.
• நகரத்தில் சாமைக்கு மவுசு கூடியதும் பெரிய நிறுவனங்கள் இறங்கிவிட்டன. பெரிய ஆலையில் தோல் நீக்கிய சாமையோடு மலைக் குழுவின் சாமை விலையில் போட்டியிட வேண்டும்.

சாமைக் காட்டுக்கு ஏற்ற நிதி

அரசிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை தனியார் துறை ஆராய்ச்சிக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குறைந்த வட்டியில், அல்லது வட்டியில்லாமல், நீண்ட காலக் கடன். எதிர்காலத் தொழில்கள் என்று பட்டியலிடப்பட்ட துறைகளுக்கு முன்னுரிமை. அந்த ஒரு லட்சம் கோடியில் சாமை மிஷினுக்கு இடம் கேட்பது சிரிப்பாகப் படலாம். ஆனால் அதற்கு வேண்டிய தொகையும் அங்கே ஒரு கணக்காகவே தெரியாது.

நான் பார்த்தவரையில் மாற வேண்டியவை பெரிய கொள்கைகள் இல்லை, சின்ன விதிகள். பட்டறை தன் பங்காகப் போட வேண்டிய பாதியில், லேத் ஓடும் நேரத்தையும் மிஸ்திரியின் நேரத்தையும் மதிப்புப் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். மில் குழுப் பெண்கள் ஒரு பருவம் முழுக்க மிஷினை ஓட்டிக் குறிப்பெடுப்பதும் சோதனைதான், அதற்கும் கூலி எழுத வேண்டும். முதல் தவணையைச் செலவுக்கு முன்பே, கணிசமாகக் கொடுக்க வேண்டும். குறு நிறுவனங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும், இல்லையென்றால் 400 கோடிக்காரர் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார். பேர்ட் அறக்கட்டளை போல, விற்றால் திருப்பிக் கொடு என்ற முறை பட்டறைக்காரருக்கு எளிதில் புரியும். அவர் மிஷினையே பல சமயம் அப்படித்தான் விற்கிறார், பாதி முன்பணம், மீதி ஓடினபிறகு.

இன்னொன்று: திட்டம் முடிந்து மூன்று ஆண்டுக்கு உதிரிபாகத்துக்கும் பழுதுக்கும் என்று ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைப்பது. ஆராய்ச்சி நிதிக்காரர்கள் இதைப் பராமரிப்பு என்று சொல்லி ஒதுக்குவார்கள். மலையில் மிஷின் எங்கே தேய்கிறது என்ற தகவலே அடுத்த மாடலுக்கான ஆராய்ச்சி என்று அவர்களிடம் யாராவது சண்டை போட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்பு பட்டறைகளைத் திரட்டி, விண்ணப்பம் எழுதும் பொறுப்பையும் ஒப்பந்தச் சிக்கலையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டாளி என்ற பெயரை மட்டும் பட்டறைக்கு விட்டுக்கொடுக்கலாம். யூரோஸ்டார்ஸில் பல்கலைக்கழகம் உட்காரும் இடமும் அதுதான்.

வெளிநாட்டில் கூட்டாளியைத் தேடவும் ஒரே திசையில் பார்க்க வேண்டியதில்லை. நேபாளத்து மலைகளில் கோதோ, இலங்கையில் குரக்கன் என்று நம் கேழ்வரகையே விளைவித்து, நம்மைப் போலவே சிறுதானியத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் டெஃப்பும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோனியோவும் சாமையைப் போலப் பொடி மணிகள். ஃபோனியோவின் தோல் நீக்க செனகலில் ஒரு மிஷின் உருவானது. அதைச் செய்தவர் சனுசி டியாக்கிடே என்ற பொறியாளர், ஒரு தொழிற்பள்ளி ஆசிரியர். 1996-ல் ரோலக்ஸ் விருது பெற்றார். காரணம் அங்கேயும் அதேதான், பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடித்ததும் பயிர் குறைந்துகொண்டே போனதும். அவரைப் போன்ற ஒருவரும் கொல்லிமலைக்கு மிஷின் அனுப்பும் ஒரு பட்டறைக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர்கூட அதிகம் தேவைப்படாது. தட்டையும் சல்லடையையும் கழற்றி வைத்துக்கொண்டு பேசிவிடுவார்கள். அந்த இரண்டு விமான டிக்கெட்டுக்கு எந்த நிதியில் வரி இருக்கிறது என்றுதான் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டோடு கூட்டு ஆராய்ச்சிக்கு அழைப்பு வெளியாகும்போது, அமைச்சர்கள் கை குலுக்கும் படத்தைத் தாண்டித் தகுதி நிபந்தனைப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். குறைந்தபட்ச விற்றுமுதல் எவ்வளவு, முதல் தவணை எப்போது, கூட்டாளி திவாலானால் உரிமை யாருக்கு, மில் நடத்தும் குழுவின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.